கண்டக்டர் இல்லாத வண்டி

மாதப் பணம் வரப்போகிறது என்று டிவியில் சொன்ன அன்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். டிரைவருக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

விஷயம் இதுதான். பதினெட்டு வயது முடிந்த ஒவ்வொருவர் கணக்கிலும் மாதம் பிறந்ததும் அரசாங்கம் ஒரே தொகையைப் போடும். மனு வேண்டாம், சான்றிதழ் வேண்டாம், எவன் காலிலும் விழ வேண்டாம். பாங்க் மானேஜருக்கும் அதே தொகை, பாங்க் வாசலில் செருப்புத் தைப்பவருக்கும் அதே தொகை, கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாத டிரைவருக்கும் அதே தொகை. அதை வைத்துக்கொண்டு மாளிகை கட்ட முடியாது. ஆனால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

நல்ல காரியம்தானே, இதில் ஒரு மனிதருக்குச் சோறு இறங்காமல் போக என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

டிரைவர் இருபத்தெட்டு வருஷம் பதினேழாம் நம்பர் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற எட்டாவது மாதம் பக்கவாதம் வந்து வலது கையையும் வலது காலையும் எடுத்துக்கொண்டது. போகிற போக்கில் பேச்சிலும் பாதியைச் சுருட்டிக்கொண்டது. மனைவி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆறு வருஷமாக மகள் வீட்டு முன்னறையில், ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கிறார். அந்த ஆறு வருஷமும் அவரைப் புரட்டி, குளிப்பாட்டி, ஊட்டி, முதுகில் ஒரு புண் வராமல் பார்த்துக்கொண்டது கூலிக்கு வந்த ஒரு பெண். ஐம்பதை நெருங்குகிறவள், ஒல்லி, இடுப்பைச் சுற்றி எப்போதும் அகலமான ஒரு பெல்ட். ஒல்லி என்று யாரும் லேசாக நினைத்துவிட வேண்டாம், எண்பது கிலோ டிரைவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு ஒரே மூச்சில் மாற்றிவிடுவாள்.

முதல் நாள் வந்தபோது அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தூக்குவதற்கு முன்னால், தன்னை அறியாமல் "போலாம் ரைட்" என்று சொல்லிவிட்டாள். பக்கவாதம் வந்த பிறகு சிரிப்பையே மறந்திருந்த மனிதர், ஒரு பக்க வாயால் சிரிசிரியென்று சிரித்தார். அன்றோடு அவள் பெயர் கண்டக்டர். இவர் சொல்லும்போது 'கண்...டர்' என்றுதான் வரும். அவளுக்கு அது போதும்.

மாப்பிள்ளை ஒரு பழைய சைக்கிள் மணியைக் கட்டிலின் இடது கம்பியில் முடுக்கிக் கொடுத்தார். பஸ்ஸில் உள்ள அதே சட்டம்தான். ஒரு தரம் அடித்தால் நிறுத்து. இரண்டு தரம் அடித்தால் போகலாம். வலித்தால் ஒன்று, சோறு போதும் என்றால் ஒன்று, தயார் என்றால் இரண்டு. மதியம் ஒன்றரைக்கு வேலை முடிந்து அவள் கதவருகே நின்று, "டிரைவரே, கிளம்பலாமா?" என்று கேட்பாள். இவர் இரண்டு தரம் அடிப்பார். "ரைட்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவாள். ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட அந்த மணி இல்லாமல் அவள் படியிறங்கியதில்லை.

பேச்சுப் பயிற்சிக்கு வந்த டாக்டரம்மா, தினமும் எதையாவது வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள் என்றிருந்தார். எதைச் சொல்வார்? பதினேழாம் நம்பரின் இருபத்துமூன்று ஸ்டாப்பைத்தான் சொன்னார். கண்டக்டர் முதுகைத் துடைத்துக்கொண்டே கேட்பாள். தண்ணீர்த் தொட்டி, பெண்கள் பள்ளி, மரக்கடை, ரயில்வே கேட் என்று தட்டுத் தடுமாறி வரும். ஒன்றை விட்டுவிட்டால் துடைக்கும் கை நின்றுவிடும். "ஒரு ஸ்டாப்பை விட்டுட்டீங்க, டிரைவரே. ஜனங்க திட்டுவாங்க" என்பாள். அவளுக்கு அத்தனை ஸ்டாப்பும் மனப்பாடம், ஆனால் அந்த பஸ்ஸில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. எப்படி ஏறுவாள்? ஊரின் மறுகோடியிலிருந்து வேறு இரண்டு பஸ் மாறி எட்டு மணிக்கு இங்கே வருகிறாள். ஒன்றரைக்கு இன்னொரு வீடு, ஏழு மணிக்கு மூன்றாவது வீடு. காலாற நடப்பதற்கே நேரமில்லாதவள் சும்மா பஸ்ஸில் உட்கார்ந்து ஊர்சுற்றவா போகிறாள்!

குளிப்பாட்டும் நேரத்தில் மகளை அறைக்குள் விடமாட்டாள். மகள் எட்டிப் பார்த்தால், "வண்டி ஷெட்டுல நிக்குது பாப்பா, அப்புறம் வாங்க" என்று கதவைச் சாத்திவிடுவாள். டிரைவரின் மானத்தை ஆறு வருஷம் அந்தக் கதவுதான் காப்பாற்றியது.

இப்போது புரிகிறதா, ஏன் சோறு இறங்கவில்லை என்று? சும்மாவே பணம் வந்தால், அடுத்தவர் உடம்பைக் கழுவ அவள் எதற்கு வர வேண்டும்? அது ஒரு பயம். அதற்கும் அடியில் இன்னொரு பயம் இருந்தது, அதுதான் அவரைத் தூங்கவிடவில்லை. என் கோணல் வாய்ப் பேச்சுக்குச் சிரிக்கிறாளே, ஸ்டாப் விட்டால் கோபித்துக்கொள்கிறாளே, அதெல்லாம் சம்பளத்தில் சேர்த்தியா? சம்பளம் வேண்டாம் என்று ஆகிவிட்டால் அதுவும் போய்விடுமா?

பணம் வர ஆரம்பித்தது. நியாயத்தைச் சொல்ல வேண்டும், நல்லது நடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் குடிகாரப் புருஷனை விட்டுவிட்டுத் தனி அறை எடுத்துக்கொண்டு போனாள். எதிர்க் கடைக்காரர் கடன் தீர்ந்து, முதல் தடவையாக வாரத்தில் ஒரு நாள் கடையை மூடினார். கெட்டதும் நடந்தது. வீட்டுக்காரர்கள் ஆளுக்கு ஆள் வாடகையை ஏற்றினார்கள். கண்டக்டர் வீட்டு வாடகையும் ஏறியது. பிஸ்கட் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் மாப்பிள்ளைக்குப் பாக்கிங் பிரிவில் எட்டுப் பேர் குறைந்துவிட்டார்கள். தினமும் சாப்பாட்டு மேஜையில் அவர் பாட்டுத்தான். இப்படிக் கொடுத்தால் நாடே சோம்பேறியாகிவிடும் என்பார். உங்களுக்கும்தானே வருகிறது, நீங்கள் சோம்பேறி ஆகிவிட்டீர்களா என்று மகள் கேட்டால், நான் வேறு என்பார். யாரைக் கேட்டாலும் நான் வேறு என்றுதான் சொன்னார்கள்.

கண்டக்டர் இரண்டாம் மாதம் மூன்றாவது வீட்டை விட்டாள். மூன்றாம் மாதம் இரண்டாவது வீட்டையும் விட்டாள். டிரைவருக்குக் கை பிசையக்கூட இன்னொரு கை இல்லை. ஸ்டாப் ஒவ்வொன்றாக நெருங்கி வருவது மட்டும் தெரிந்தது.

ஐந்தாம் மாதம் சொல்லிவிட்டாள். மகளிடம் முன்பே பேசி முடித்துவிட்டுத்தான் கட்டிலருகே வந்து நின்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றாள். டிரைவர் தலையணைக்கு அடியில் இடது கையை விட்டுத் துழாவி, தன் பாங்க் கார்டை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். அவருடைய மாதப் பணம் முழுவதும் அதில் இருக்கிறது. எடுத்துக்கொள், இரு என்று அர்த்தம்.

கண்டக்டர் கார்டை எடுத்துப் பழையபடி தலையணைக்கு அடியிலேயே வைத்தாள்.

"இதே தொகைதான் எனக்கும் வருது, டிரைவரே. பதினேழு வயசுலேருந்து யாரையாவது தூக்கிக்கிட்டே இருக்கேன். கொஞ்ச நாள் என்னை மட்டும் தூக்கிக்கிட்டு நடந்து பாக்குறேனே."

அதில் என்ன தப்பு? முப்பது வருஷம் முதுகொடிய உழைத்தவள் சும்மா இருக்க ஆசைப்பட்டால் அது ஒரு குற்றமா? பணக்கார வீட்டில் பிறந்து ஒரு துரும்பைக்கூட நகர்த்தாதவனை நாம் ஐயா என்று கூப்பிடவில்லையா? டிரைவருக்கும் இது தெரியும். தெரிந்து என்ன செய்ய! மனசு கேட்கவில்லை. ஒரு வாரம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஸ்டாப் சொல்ல மறுத்தார். வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரைக்கு அவள் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுக் கதவருகே வந்து நின்றாள்.

"டிரைவரே, கிளம்பலாமா?"

இவர் மணியைத் தொடவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறவரை எழுப்பலாம், தூங்குவதுபோல் படுத்திருப்பவரை என்ன செய்வது? அவள் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள் என்று மகள் பிற்பாடு சொன்னாள். பிறகு சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

காலடிச் சத்தம் தெருவில் மறைந்த அடுத்த நொடி டிரைவர் மணியை அடித்தார். இரண்டு தரம், திரும்ப இரண்டு தரம். யாருக்குக் கேட்கும்? உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகள்தான் அப்பாவுக்கு என்னவோ என்று ஓடி வந்தாள்.

அதற்குப் பிறகு பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஏஜென்சியில் கேட்டால் ஆளே இல்லை என்றார்கள். இருந்த ஒருவனும் இரட்டைச் சம்பளம் கேட்டான். கொடுத்தார்கள். காதில் போனைச் செருகிக்கொண்டு, டிரைவரைச் சிமெண்டு மூட்டை மாதிரிப் புரட்டினான். மணி அடித்தால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான்.

கடைசியில் மகள் ஒரு முடிவுக்கு வந்தாள். பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் காலை, மாலை இரண்டு வேளையும் உட்கார்ந்து, மதியம் மட்டும் வீட்டுக்கு வந்துபோனவள், இனி மாலை மட்டும் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். சம்பளம் பாதியானது. மாதப் பணம் வருகிற தைரியத்தில்தான் அதைச் செய்ய முடிந்தது. கண்டக்டரை அனுப்பிவைத்த அதே பணம்தான் மகளைக் கட்டிலருகே கொண்டுவந்து நிறுத்தியது. இதை நல்லது என்பதா, கெட்டது என்பதா? டிரைவரைக் கேட்டால், நிறுத்து என்று மணியை ஒரு தரம் அடித்திருப்பார்.

பெற்ற மகள் தன்னைக் குளிப்பாட்டுவதா! முதல் நாள் அவள் சட்டைப் பொத்தானைத் தொட்டதும் மணி அடித்தார். விலகினாள். திரும்ப வந்தாள். திரும்ப அடித்தார். நாலாவது தடவை மகள் கட்டில் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்து, முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"அப்பா, சின்ன வயசுல நீங்க என்னை எத்தனை தடவை கழுவி விட்டிருப்பீங்க? நான் ஒரு தடவையாவது மணி அடிச்சேனா?"

டிரைவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரு பக்க முகத்தில் இரண்டையும் எப்படிக் காட்டுவது? கொஞ்ச நேரம் கழித்து இரண்டு தரம் அடித்தார். மகள் கண்டக்டர் மாதிரி கெட்டிக்காரி இல்லை. தண்ணீர் காதில் போனது, சோப்பு கண்ணில் போனது. ஆனாலும் ஆறு வருஷமாக வாசற்படியில் நின்று "சாப்பிட்டீங்களாப்பா" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவள், இப்போது பக்கத்தில் உட்கார்ந்து கிளினிக் கதை எல்லாம் சொன்னாள். அம்மாவைப் பற்றியும் பேசினாள். அவள் இடுப்புதான் மூன்றே வாரத்தில் போய்விட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்தாள்.

டிரைவரை மட்டும், கண்டக்டர் சிரித்ததெல்லாம் சம்பளத்துக்குத்தானா என்ற அந்தக் கேள்வி விடவில்லை. படுத்துக்கொண்டே தன்னைத்தானே கேட்டுப் பார்த்தார். நான் பஸ் ஓட்டியது எதற்காக? சம்பளத்துக்காகத்தான். ஒரு மாதம் சம்பளம் வராமலிருந்தால் ஸ்டியரிங்கைத் தொட்டிருக்க மாட்டேன். ஆனால் ரயில்வே கேட் ஸ்டாப்பில், கால் ஊனமான டீச்சர் ஒருத்தி தினமும் தூரத்தில் வந்துகொண்டிருப்பாள். அவளுக்காக அரை நிமிஷம் வண்டியை நிறுத்திவைப்பேன். அதற்காக டிப்போ டைம் ஆபீஸில் வாங்கிக்கட்டிக்கொண்டதுதான் மிச்சம். அந்த அரை நிமிஷம் எந்தக் கணக்கில் சேரும்? கண்டக்டரிடம் அப்படி ஒரு அரை நிமிஷம் எனக்காக இருந்ததா? இருந்திருந்தாலும், கண்ணை மூடிக்கொண்டு நானே அதைக் கெடுத்துவிட்டேனே!

ஏழாவது வாரம் சனிக்கிழமை காலை வாசல் மணி அடித்தது. சாவியைப் போட்டுத் திறந்து உள்ளே வந்து பழகியவள், வெளியே நின்று மணி அடித்தாள். கண்டக்டர்தான். இடுப்பில் பெல்ட் இல்லை. தலை நன்றாக வாரியிருந்தது. கையில் ஒரு பை ஆரஞ்சு. மகள் வாய் நிறைய வாங்கக்கா என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டாள். அந்த நாற்காலியை ஆறு வருஷமாகத் துடைத்தவள்தான் அவள். உட்கார்ந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

டிரைவருக்கு முகத்தைப் பார்க்கக் கூச்சம். அவள் அதை எல்லாம் கவனித்தமாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. முதல் இரண்டு வாரம் தூங்கித் தீர்த்தாளாம். மூன்றாவது வாரம் என்ன செய்வதென்று தெரியாமல் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்ததாம். வாடகை ஏறிவிட்டதால் பணம் இழுத்துப் பறிக்கிறதாம், அடுத்த மாதத்திலிருந்து ஏதாவது ஒரு வீட்டுக்கு அரை நாள் போகலாமா என்று யோசனையாம், ஆனால் யாரையும் தூக்குகிற வேலை மட்டும் வேண்டாமாம். சொல்லிவிட்டு நாற்காலியைக் கட்டிலுக்குக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"டிரைவரே, நேத்து பதினேழாம் நம்பர்ல ஏறினேன். முதல் ஸ்டாப்புலேருந்து கடைசி ஸ்டாப் வரைக்கும்."

டிரைவர் சட்டென்று திரும்பினார்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஜன்னலோர இடம் கிடைத்ததாம். ஒவ்வொன்றாகச் சொன்னாள். தண்ணீர்த் தொட்டியை இடித்துவிட்டார்கள், ஆனால் ஸ்டாப்புக்கு இன்னும் அதே பெயர். பெண்கள் பள்ளியில் இறங்குகிற பிள்ளைகள் ஒன்றுகூட வரிசையில் இறங்கவில்லை. மரக்கடையில் மர வாசனை உள்ளே வரைக்கும் வந்தது, நீங்கள் சொன்ன மாதிரியே. டிரைவர் கண் இமைக்காமல் கேட்டார். அவருடைய இடது கால் கட்டிலில் தானாகக் கிளட்ச்சை அழுத்திக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மகள் உள்ளேயிருந்து வந்தாள். வெந்நீர் தயாராகிவிட்டது. ஒரு கை இடுப்பில், முகத்தில் களைப்பு. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஆறு வருஷப் பழக்கம் அவள் வாயில் வந்துவிட்டது.

"அக்கா, வந்தது வந்தீங்க, இன்னைக்கு ஒரு நாள் அப்பாவைக் குளிப்பாட்டி விட்டுடறீங்களா? எனக்கு இடுப்பே விட்டுப்போச்சு."

கண்டக்டர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. ஒரு கணம்தான். பிறகு எழுந்தாள். ஆரஞ்சுப் பையை ஓரமாக வைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். தலையணையை நகர்த்தி, டிரைவரின் தோளுக்கடியில் கையைக் கொடுத்தாள்.

அந்தக் கை! எங்கே பிடித்தால் வலிக்காது என்று தெரிந்த கை. ஏழு வாரமாக அவர் உடம்பு அதற்குத்தான் ஏங்கிக்கிடந்தது. சும்மா படுத்திருந்தால் போதும், சுகமாகக் குளித்துவிடலாம்.

டிரைவர் மணியை ஒரு தரம் அடித்தார்.

கண்டக்டர் கையை எடுத்துவிட்டாள். எங்கே வலிக்கிறது என்று குனிந்து கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். இடது கையைத் தூக்கி நாற்காலியைக் காட்டினார். வாயைக் கோணி, மூச்சைப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளினார்.

"உக்...கார். நீ... பா...சஞ்சர்."

மகளுக்குத்தான் முதலில் உறைத்தது. முகம் சிவந்துவிட்டது. மன்னிச்சிருங்கக்கா என்று முணுமுணுத்தவள், திரும்பி உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையை எழுந்து வந்து ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னாள். நாட்டின் சோம்பேறித்தனத்தைப் பற்றி ஆறு மாதம் கவலைப்பட்ட மனிதர், பேப்பரை மடித்துவைத்துவிட்டு வந்தார். எங்கே பிடிப்பது என்று தெரியாமல் முழித்தார். கண்டக்டர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, இடுப்பைப் பிடிங்க, கையை இழுக்காதீங்க என்று சொல்லிக்கொடுத்தாள். எழுந்திருக்கவில்லை. கண் கலங்கியிருந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. டிரைவர் இரண்டு தரம் அடித்தார். மகள் கூச்சப்பட்டுக்கொண்டே "ரைட்" என்றாள்.

குளித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. கத்துக்குட்டிகள் இரண்டு பேர் சேர்ந்தால் அப்படித்தான். குளியலறையில் இருந்த நேரமெல்லாம் டிரைவர் காது முன்னறையில்தான் இருந்தது. கதவு திறக்கும் சத்தம் கேட்டுவிடுமோ, போய்விடுவாளோ என்று பயம். டீக் கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. நாற்காலி லேசாக நகரும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். தலை துவட்டி, பவுடர் போட்டு, சட்டை மாட்டி அவரைக் கட்டிலுக்குக் கொண்டுவந்தபோது, அவள் ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாகத் தட்டில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க விட்டேன்? மரக்கடை. அடுத்தது ரயில்வே கேட். அங்க ஒரு வயசான டீச்சரம்மா ஏறினாங்க, டிரைவரே. கால் கொஞ்சம் சாய்ச்சு நடந்து வந்தாங்க. புது டிரைவர் அவங்களுக்காக நிறுத்தல. நான்தான் கத்தி நிறுத்தினேன்."

டிரைவர் தட்டிலிருந்து ஒரு சுளையை எடுத்து, வாய்க்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

பாலம் வரைக்கும் சொல்லிவிட்டு எழுந்தாள். மீதிப் பதினோரு ஸ்டாப்பையும் அடுத்த சனிக்கிழமை சொல்வதாகச் சொன்னாள். ஒரே நாளில் சொல்லித் தீர்த்துவிட அவளுக்கு மனசில்லை, அது அவருக்கும் தெரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகே போய்த் திரும்பினாள்.

"டிரைவரே, கிளம்பலாமா? அன்னைக்குக் குடுக்காததையும் சேர்த்துக் குடுங்க."

அவர் இடது கை மணிக்குப் போனது. போய் அதன் மேலேயே இருந்தது. அடித்துவிட்டால் போய்விடுவாள். இந்தத் தடவை அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"மெதுவா அடிங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அரை நிமிஷம் இருக்கும், கூடவும் இருக்கலாம். அப்படி நிற்பதற்கு அவளுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. பிறகு டிரைவர் மணியை இரண்டு தரம் அடித்தார்.